ஆப்டிமஸ் பிரைமை பிளெண்டர்ல எழுப்பி நிக்க வெச்சது: செய்து பார்த்த அனுபவம்

1984 டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனோட முதல் எபிசோட்ல, எரிமலை வெடிச்சு, உள்ள புதைஞ்சு கெடக்கற ஆர்க் கப்பல் குலுங்கி, டெலிட்ரான்-1 கம்ப்யூட்டர் முழிச்சுக்கும்ல, அந்தக் காட்சியைத்தான் பிளெண்டர்ங்கற 3டி அனிமேஷன் சாஃப்ட்வேர்ல முதல்லேந்து செஞ்சுக்கிட்டு இருக்கேன். முழு எபிசோடும் இல்ல, ரிப்பேர் கதிர் ஒவ்வொருத்தர் மேலயும் விழற அந்தப் பகுதியும், அதுக்கப்புறம் ஆட்டோபாட்ஸ்ங்கற நல்ல ரோபோக்களோட தலைவர் ஆப்டிமஸ் ட்ரக்லேந்து ரோபோவா எழுந்து நிக்கறதும், எதிரி டிசெப்டிகான்ஸோட தலைவன் மெகாட்ரான் துப்பாக்கியா மாறறதும். இதுல ரெண்டு உருமாற்றமும் முடிஞ்சிடுச்சு, அதனால இதுவரைக்கும் என்ன பண்ணேன்னு எழுதி வெக்கறேன், இதே மாதிரி முயற்சி பண்றவங்களுக்கு ஆகும்.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. சைபர்ட்ரான் கிரகத்துல சக்தி தீர்ந்து போச்சு, ஆட்டோபாட்ஸ் வேற இடம் தேடிக் கெளம்புறாங்க, டிசெப்டிகான்ஸ் துரத்திட்டு வந்து கப்பல்ல ஏறிடறாங்க, சண்டையில கப்பல் பூமியில விழுது, எல்லாரும் 40 லட்சம் வருஷம் அசையாம கெடக்கறாங்க. 1984ல எரிமலை எழுப்பி விடுது. டெலிட்ரான்-1 வெளிய ஒரு குட்டி உளவு எந்திரத்தை அனுப்பி பூமியில ஓடற வண்டி, பறக்கற ஜெட் எல்லாத்தையும் பார்த்துட்டு வரச் சொல்லி, அந்த உருவத்தை வெச்சு ஆளுங்களைத் திருப்பிக் கட்டுது. அதுக்கு யாரு நல்லவன் யாரு கெட்டவன்னு தெரியாது, கதிர் முதல்ல விழறது ஸ்கைவார்ப்ங்கற டிசெப்டிகான் மேல. ஸ்கைவார்ப் தன் ஆளுங்களை எழுப்பிட்டான், அவங்க எல்லாரும் கெளம்பியாச்சு, அதோட விட்டிருந்தா ஆட்டோபாட்ஸ் அங்கயே கெடந்திருப்பாங்க. ஆனா ஸ்டார்ஸ்க்ரீம்ங்கற இன்னொரு டிசெப்டிகான் சும்மா போகாம மலை மேல ஒரு சுடு சுட்டுட்டுப் போறான், அதுல கப்பல் அதிர்ந்து ஆப்டிமஸ் கதிருக்குள்ள உருண்டு விழுந்துடறாரு. மொத்தத் தொடரும், நாலு சீசன், 98 எபிசோட், அந்த வீம்புக்குச் சுட்ட ஒரு குண்டுலேந்துதான் கெளம்புது. ஒரு பாத்திரத்தோட குணத்தை வெச்சே கதையைத் திருப்பறது எப்படின்னு யாராச்சும் கேட்டா நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன், அதனாலதான் செய்யறதுக்கும் இதையே எடுத்தேன்.

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எபிசோடை ஃப்ரேம் ஃப்ரேமா நிறுத்திப் பார்த்தேன், அப்பதான் ஒண்ணு நல்லாப் புரிஞ்சுது, கார்ட்டூன்ல நடக்கற உருமாற்றம் பொம்மையோட உருமாற்றம் கிடையாது. பொம்மை ஜப்பான்ல டகாரா கம்பெனியோடது, டயக்ளோன், மைக்ரோ சேஞ்ச்னு ரெண்டு தனித்தனி வரிசையா இருந்ததை ஹாஸ்ப்ரோ வாங்கி ஒரே பேர்ல வித்தாங்க. கார்ட்டூனுக்காக ஷோஹேய் கொஹாரா முதல் உருவங்களை வரைஞ்சாரு, அதை அனிமேஷனுக்குத் தகுந்தபடி ஃப்ளோரோ டெரிங்கற ஃபிலிப்பைன்ஸ் ஓவியர் இன்னும் எளிமையாக்கினாரு, ஜப்பான்ல டோயெய் ஸ்டூடியோ அசைய வெச்சுது. இந்தக் கை மாறல்ல பொம்மையில இருந்த ஸ்க்ரூ, திருகு, மூட்டு எல்லாம் உதிர்ந்து போய், எந்தக் கோடு அசைஞ்சா நம்ம கண்ணு ஒத்துக்கும்ங்கறது மட்டும் மிஞ்சியிருக்கு. பொம்மையில ஆப்டிமஸோட கை விரல் முஷ்டி தனியா கழட்டி மாட்டற பாகம், கார்ட்டூன்ல அது பாட்டுக்கு உள்ளேந்து வந்துடும், ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. நான் செய்ய நினைச்சது இந்த ரெண்டாவது வகை. பொம்மையை அச்சு அசலா 3டில செய்யறவங்க நிறைய பேர் இருக்காங்க, அருமையாவும் செய்யறாங்க, ஆனா அதுல எனக்கு அந்த எபிசோடோட உணர்வு வரல.

ட்ரக் தலைப்பகுதியோட அமைப்பு ரொம்ப நேர்மையானது. முன்பக்கக் கண்ணாடி அப்படியே நெஞ்சு, கீழ இருக்கற கிரில் வயிறு, பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கற பகுதி கால். அதனால பிளெண்டர்ல கேபினைத் திருப்பவே வேண்டாம், இடுப்புல ஒரு எம்டி (ரெண்டர்ல தெரியாத வெறும் பிடிப்புப் புள்ளி) வெச்சு அதுக்கு ரெண்டு காலையும் பேரண்ட் பண்ணி, அதாவது அதோட சேர்ந்து அசையறாப்ல கட்டி, 90 டிகிரி கீழ இறக்கினா போதும். இதுல முக்கியமானது ஒவ்வொரு பாகத்தோட ஒரிஜின், அதாவது அது சுத்தற மையம், எங்க இருக்குங்கறதுதான், கீல் வர்ற இடத்துல இருக்கற வெர்ட்டெக்ஸை (முனைப்புள்ளியை) செலக்ட் பண்ணி 3டி கர்சரை அங்க கொண்டு போய் வெச்சு, ஒரிஜின் டு 3டி கர்சர் குடுத்துட்டா அப்புறம் எந்த ஃப்ரேம்ல எவ்வளவு திரும்பணும்னு குறிக்கற வெறும் ரொட்டேஷன் கீஃப்ரேமே எல்லாத்தையும் பார்த்துக்கும். நான் எலும்பு, ஆர்மேச்சர் எதுவும் போடல, பெட்டி பெட்டியா இருக்கற ரோபோவுக்கு எம்டியும் பேரண்ட்டிங்கும் தாராளமா போதும்னு என் அபிப்பிராயம், வளையற தோல் இருந்தாத்தான் எலும்பு வேணும்.

கால் கீழ இறங்கறப்ப கேபின் மேல போகணும், இல்லன்னா கால் தரைக்குள்ள போயிடும். அந்த ஏறுற அசைவுலதான் மொத்த கனமும் இருக்கு. ஒரே சீரா ஏறினா லிஃப்ட்ல போறாப்ல தெரியுது, ஒரு ஆளு எழுந்து நிக்கற உணர்வு இல்ல. அதனால ஏறறதுக்கு முன்னாடி ரெண்டே ஃப்ரேம் லேசா கீழ அமுக்கி, அப்புறம் வேகமா தூக்கி, உச்சியில கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி உக்கார வெச்சேன். அசைவைக் கோடா காட்டற கிராஃப் எடிட்டர்ல பார்த்தா சின்ன வளைவுதான், திரையில பல டன் இரும்பு எழுந்து நிக்குது.

கைதான் ரொம்ப நேரம் இழுத்துது. ட்ரக்கா இருக்கறப்ப கை முழுக்க கேபினோட பக்கவாட்டுக்குள்ள அடங்கணும், ஆனா ரோபோ ஆனதும் தொடை வரைக்கும் தொங்கணும், அவ்வளவு நீளம் உள்ள அடங்கவே அடங்காது, கணக்கு போட்டுப் பார்த்தாலும் அடங்காது. டோயெய்ல இதை எப்படி சமாளிச்சாங்கன்னு ஃப்ரேமை நிறுத்திப் பார்த்தா தோள்பட்டை வெளிய வர்றப்ப முன்கை அதுக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கும், அடுத்த படத்துல முழு நீளத்துல இருக்கும், நடுவுல என்ன ஆச்சுன்னு படமே கிடையாது. நானும் அதையேதான் செஞ்சேன். முன்கையை அறுபது சதவீதம் ஸ்கேல்ல உள்ள வெச்சிருந்து, தோள் அதை மறைக்கற ரெண்டு ஃப்ரேமுக்குள்ள நூறு சதவீதத்துக்குக் கொண்டு வந்துட்டேன். நிறுத்திப் பார்த்தாத்தான் தெரியும். இதை ஏமாத்து வேலைன்னு சிலர் சொல்லுவாங்க, எனக்கு அப்படித் தோணல, எங்க மறைக்கணும்னு தெரிஞ்சு மறைக்கறதுதான் இந்தக் கலையே.

அப்புறம் வரிசை. எது முதல்ல எது கடைசின்னு. நான் பார்த்த வரைக்கும் ஆப்டிமஸுக்கு உடம்பு எழுந்து, கை வந்து, தலை கடைசியாத்தான் வரும். தலையை முதல்ல கொண்டு வந்தும் போட்டுப் பார்த்தேன், மெக்கானிக்கலா ஒரு பிரச்சனையும் இல்ல, ஆனா முகம் வந்த உடனே நம்ம கண்ணு அங்க போய் உக்காந்துக்குது, அதுக்கப்புறம் கை கால் என்ன பண்ணாலும் யாரும் பார்க்கல. தலை கடைசியில வந்தா அது வரைக்கும் வண்டி, அதுக்கப்புறம் ஆளு. ஆப்டிமஸுக்குக் குரல் குடுத்த பீட்டர் கல்லன் பேச ஆரம்பிக்கறதுக்கு அந்த இடம் தானா அமைஞ்சுடுது. வியட்நாம் போருக்குப் போய் வந்த தன் அண்ணன் லாரியை மனசுல வெச்சுத்தான் அந்தக் குரலைப் பிடிச்சேன்னு அவரே பல பேட்டியில சொல்லியிருக்காரு, கத்தாம, அவசரப்படாம, பொறுப்போட பேசற குரல். அந்தக் குரலுக்கு முன்னாடி வர்ற அசைவு படபடன்னு இருந்தா ஒட்டாது, அதனால தலை வெளிய வந்ததுக்கப்புறம் அரை செகண்ட் எதையும் அசைக்காம நிறுத்தி வெச்சிருக்கேன்.

ஃப்ரேம் கணக்கைப் பத்தியும் சொல்லிடறேன். செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஆனா கையால வரையறப்ப ஒரு படத்தை ரெண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துவாங்க, சில இடத்துல மூணு ஃப்ரேம் கூட. அப்ப மூணு செகண்ட் உருமாற்றத்துக்கு மொத்தமே 36 படம்தான். கம்ப்யூட்டர் போடற வழவழப்பான 24 ஃப்ரேம் அசைவு பழைய கார்ட்டூன் வாசனையையே எடுத்துடும், கிராஃப் எடிட்டர்ல ஸ்டெப்டு இன்டர்போலேஷன் மாடிஃபையரை ஸ்டெப் சைஸ் 2 வெச்சுப் போட்டா அசைவு ரெண்டு ரெண்டு ஃப்ரேமா நின்னு போகும், சரியாயிடும். கேமராவுக்கு மட்டும் அதைப் போடக்கூடாது, போட்டா பின்னணி துடிக்கும்.

அக்கா பையன் வந்திருந்தப்ப ரெண்டர் ஆனதைக் காட்டினேன். அவனுக்கு இந்தப் பழைய தொடர் தெரியாது. பார்த்து முடிச்சதும் முதல் கேள்வி, "மாமா, பின்னாடி இருந்த பெட்டி எங்க போச்சு?" நாப்பது வருஷமா எல்லாரும் கேக்கற அதே கேள்வி. ட்ரெய்லர் எங்க போகுதுன்னு கார்ட்டூன் எப்பவுமே விளக்கினதில்ல, பெரும்பாலும் பின்பக்கமா உருண்டு படத்தை விட்டு வெளிய போயிடும், வேணுங்கறப்ப திரும்ப வரும். நானும் உருட்டித்தான் விட்டிருக்கேன், ஆனா கழண்டுக்கற சத்தம் ஒண்ணு சேர்த்தேன், சத்தம் கேட்டா பாதி கேள்வி அடங்கிடுது. மறுபடி போட்டுக் காட்டினப்ப அவன் பெட்டியைப் பத்திக் கேக்கவே இல்ல, எந்த ட்ரக்னுதான் கேட்டான்.

மெகாட்ரான் வேற ரகம். ஆப்டிமஸ் உயரத்துக்கு நிக்கற ஆளு, மாறினா வால்தர் பி38 கைத்துப்பாக்கி, நிஜ பி38 நீளம் 216 மில்லிமீட்டர்தான். இந்த முரண்பாடு எங்கேந்து வந்துதுன்னா மேல சொன்ன ரெண்டு பொம்மை வரிசைலேந்து. டயக்ளோன் கார்கள் எல்லாம் உள்ள காந்தக் காலு வெச்ச குட்டி டிரைவர் உக்கார்ற வண்டிங்க, அதாவது பெரிய எந்திரத்தோட சின்ன மாடல். மைக்ரோ சேஞ்ச் அப்படி இல்ல, வீட்ல இருக்கற சாமானே ரோபோவா மாறுதுங்கறதுதான் அதோட கற்பனை, துப்பாக்கி துப்பாக்கி அளவுல, சவுண்ட்வேவ் டேப் ரெக்கார்டர் அளவுல. ரெண்டையும் ஒரே கதையில பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சாச்சு, அளவு இடிக்கறதை சரி பண்ற பொறுப்பு முழுக்க வரையறவங்க தலையில விழுந்துது.

அவங்க கண்டுபிடிச்ச வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மெகாட்ரான் தரையில நின்னுக்கிட்டு சுருங்க மாட்டான், எகிறிக் குதிப்பான், காத்துல மாறுவான், ஸ்டார்ஸ்க்ரீம் கையில வந்து விழுவான். ஆகாசத்துல அவன் பக்கத்துல ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே இல்ல, அதனால சுருங்கறது தெரியாது. பிளெண்டர்ல இதைச் செய்ய எல்லா பாகத்துக்கும் மேல ஒரு எம்டி வெச்சு அதோட ஸ்கேலை மட்டும் குறைச்சேன், அதே வேகத்துல கேமராவைக் கிட்ட நகர்த்தினேன், அப்ப திரையில அவன் அளவு மாறவே மாறாது. பின்னணியில தட்டையான வானம் மட்டும்தான் இருக்கணும், ஒரு மேகம் இருந்தாலும் காட்டிக் குடுத்துடும். துப்பாக்கி கைக்கு வர்றப்ப வேற ஷாட்டுக்கு வெட்டிட்டேன், அதுல புதுசா உண்மையான அளவுல ஆரம்பிக்குது. குழல் நீள்றது, கைப்பிடி உருவாகறது எல்லாம் மடக்குக் கட்டிலைப் பிரிக்கறாப்ல வரிசையா வரணும், ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது, எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஓட விட்டா என்ன நடக்குதுன்னே புரியாது.

வண்ணத்துக்கு பிளெண்டரோட ஈவிங்கற ரெண்டர் எஞ்சின்லதான் ரெண்டர். ஷேடர் டு ஆர்ஜிபி நோடு, அதுக்கப்புறம் கலர் ரேம்ப்பைக் கான்ஸ்டன்ட்ல வெச்சு வெளிச்சம் ஒரு நிறம், நிழல் ஒரு நிறம், அவ்வளவுதான். கறுப்பு ஓரக்கோட்டுக்கு, மாடலுக்குத் தடிமன் குடுக்கற சாலிடிஃபை மாடிஃபையர்ல நார்மலைத் திருப்பிப் போட்டு பேக்ஃபேஸ் கல்லிங் ஆன் பண்ணியிருக்கேன். கதிரை 3டில வால்யூம் போட்டு செய்யாம, ஒரு தட்டையான வடிவமா வெச்சு, படங்களை ஒண்ணு மேல ஒண்ணு சேர்க்கற கம்பாசிட்டர்ல ஆட் மோட்ல மேல ஏத்தினேன், செல்லுலாய்டுல படம் எடுத்தப்ப ஒளியைத் தனியா எக்ஸ்போஸ் பண்ணுவாங்கல்ல, அதுக்குக் கிட்டத்துல வருது.

சத்தத்தைப் பத்தி எழுதாம விட முடியாது. அந்தத் தொடரோட உருமாற்ற ஒலி தெரியாத ரசிகர் யாரும் இல்ல, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாலே போதும். அதை எடுத்துப் போட எனக்கு மனசு வரல, நானே செய்யணும்னு இருந்துது. வீட்டு இழுக்கற கிரில் கேட், இரும்பு அளவு டேப் உள்ள சுருண்டு போற சத்தம், டூல்பாக்ஸ் கொக்கி, இதெல்லாம் போன்ல பதிஞ்சு ஆடாசிட்டிங்கற ஒலி எடிட்டர்ல சுருதியைக் குறைச்சு அடுக்கினேன். முதல்ல ஒலியை அடுக்கிட்டு, ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு பாகம் போய்ப் பூட்டிக்கறாப்ல கீஃப்ரேமை நகர்த்தினேன். படத்தை முதல்ல முடிச்சுட்டு ஒலி ஒட்டறதை விட இது ஆயிரம் மடங்கு மேல், யாரு செஞ்சாலும் இந்த வரிசையிலதான் செய்யணும்னு சொல்லுவேன்.

அடுத்து ஸ்கைவார்ப். காட்சியில முதல்ல எழுந்திருக்கறவன், நான் கடைசியா செய்யறேன், ஏன்னா எஃப்-15 ஜெட்டோட வளைவுங்க பெட்டி ட்ரக்கை விட நிறைய வேலை வாங்கும். காக்பிட் நெஞ்சுல வந்து உக்காரணும், இறக்கை முதுகுப் பக்கம் நிக்கணும். ஆனா ஒரு லாபம் இருக்கு, ஸ்கைவார்ப், ஸ்டார்ஸ்க்ரீம், தண்டர்க்ராக்கர் மூணு பேரும் பொம்மையில ஒரே அச்சு, கார்ட்டூன்லயும் ஒரே உருவம், நிறம் மட்டும்தான் வேற. ஒருத்தனை முடிச்சா மூணு பேரும் வந்துடுவாங்க. மாடல் பாதி ஆயிருக்கு, மூக்குப் பகுதி மடங்கற கீலுக்கு ஒரிஜின் வெச்சாச்சு, இறக்கைக்கு இன்னும் வெக்கல.