தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேட வேண்டிய ஊர்

தாத்தா வாழ்ந்த ஊரில் அவருடைய பிறப்புப் பதிவு இல்லையா? அவருடைய அம்மா பிறந்த ஊரில் பாருங்கள். குடியிருப்பு எங்கே என்பது கணக்கில்லை. பிள்ளை எந்த ஊரில் பிறந்ததோ அங்கேதான் பதிவார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? அதனால் மூத்த பிள்ளைகளின் பதிவு பெரும்பாலும் அம்மாவழி ஊரில் கிடக்கும். இறப்பும் அப்படியே. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் உயிர் பிரிந்திருந்தால் பதிவு மதுரை மாநகராட்சியில். சொந்தக் கிராமத்தில் இராது.

கிராமங்களின் பழைய பதிவேடுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகம். நகரம் என்றால் நகராட்சியோ மாநகராட்சியோ.

பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். பெயர் சூட்டும் முன்பே பதிந்துவிடுவதால் பல பதிவுகளில் ‘ஆண்’, ‘பெண்’ என்றுதான் இருக்கும். அப்பா பெயர், அம்மா பெயர், தெரு மூன்றையும் எழுதிக் கொடுங்கள். இறப்புப் பதிவில் வேறு சிக்கல். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்று, பாட்டன் பெயர் வைத்த பிள்ளையை வீட்டில் வேறு பெயரால் கூப்பிட்டிருப்பார்கள். நமக்குத் தெரிந்தது கூப்பிட்ட பெயர். பதிவேட்டில் இருப்பது வைத்த பெயர். பழைய பத்திரங்களில் கையெழுத்து எந்தப் பெயரில் என்று பாருங்கள்.

தேதிக்குப் பள்ளிச் சான்றிதழை நான் நம்பமாட்டேன். சேர்க்கைக்கு வயது சரிவர, மே, ஜூன் என்று ஆசிரியரே போட்டுக்கொண்ட தேதிகள் ஏராளம். ஜாதகம் மேல். ஆனால் ‘நந்தன வருஷம் தை’ என்றால் 1953, 1952 அல்ல. மார்கழி பிற்பாதியிலிருந்து பங்குனி முடிய, அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். அந்த அறுபது வருஷச் சுற்றையும் மறக்காதீர்கள்: 1892-இலும் ஒரு நந்தன உண்டு.

திருமணப் பதிவு தமிழ்நாட்டில் எல்லோருக்கும் கட்டாயமானது 2009 சட்டத்தால்தான். அதற்கு முந்தைய பல கல்யாணங்களுக்கு முகூர்த்தப் பத்திரிகையும் மொய் நோட்டும்தான் துணை. மொய் நோட்டில் ஊர்ப்பெயரோடு உறவுகள் வரிசையாக இருக்கும்; எந்த அரசுப் பதிவும் அதைத் தராது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அந்தந்தப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் இருக்கின்றன.

தேடல் கட்டணம் ஆண்டுக் கணக்கில். தெரிந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஆண்டு சேர்த்தே கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் ‘பதிவு இல்லை’ என்ற சான்றை எழுத்தில் வாங்கி, எந்தெந்த ஆண்டுகளைப் பார்த்தார்கள் என்பது அதில் இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள்.