நம்மவர் பாட்டுக்கு எத்தனை வீதம்?

கொழும்புத் தமிழ் எஃப்எம்களைத் திருப்பினால் பெரும்பாலும் தென்னிந்தியத் திரைப்பாட்டுத்தான். உள்ளூர்ப் பாட்டுக்குச் சட்டத்தில் ஒரு பங்கு கேட்டால், உடனே 20ஆ 30ஆ என்று பேரம் தொடங்கிவிடும். வீதத்தை யாரும் எழுதிவிடலாம். எதை எண்ணுவது, எந்நேரத்தில் எண்ணுவது என்பதில்தான் கோட்டை விடுவோம்.

கனடா இதை 1971இலேயே தொடங்கிவிட்டது. மெட்டு, பாடுபவர், ஒலிப்பதிவு, வரிகள் ஆகிய நான்கில் இரண்டு கனேடியமாக இருந்தால் அது கனேடியப் பாட்டு என்பது அங்கே வந்த அளவுகோல். நிலையம் போடும் வெகுசனப் பாட்டுகளில் வாரத்துக்கு 35 வீதம் அப்படி இருக்க வேண்டும். அத்தோடு திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6க்கும் மாலை 6க்கும் இடையில் போடும் பாட்டுகளிலும் தனியாக 35 வீதம். இந்த இரண்டாவது நிபந்தனை இல்லாவிட்டால் நிலையங்கள் முழுக் கணக்கையும் நடுச்சாமத்தில் தீர்த்துவிடும். பிரான்சில் வேறு தந்திரம்: கொஞ்சப் பாட்டுகளையே திருப்பித் திருப்பிப் போட்டு, பிரெஞ்சு மொழிப் பாட்டுக்கான பங்கை நிரப்பினார்கள். 2016இல் சட்டத்தைத் திருத்தித்தான் அதற்குக் கடிவாளம் போட்டார்கள்.

'நான்கில் இரண்டு' நமக்கும் சரிவரும். வெள்ளவத்தைப் பிள்ளை எழுதி, கொட்டாஞ்சேனைப் பிள்ளை பாடினால், மெட்டும் ஒலிப்பதிவும் சென்னையில் நடந்தாலும் பாட்டுத் தேறும்.

அதை நிரூபிக்க, ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் கொடுக்கும் அடையாள எண்ணான ஐஎஸ்ஆர்சி குறியீடு போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. அதில் 12 இடங்கள்: முன்னொட்டு இரண்டு, பதிவாளருக்கு மூன்று, ஆண்டுக்கு இரண்டு, தொடரிலக்கம் ஐந்து. முன்னொட்டு 'எல்கே' என்றால்தான் இலங்கைப் பாட்டு என்று வைத்தால், கொட்டாஞ்சேனை வீட்டறையில் பதிந்து அமெரிக்க விநியோகத் தளம் வழியாக ஏற்றிய பாட்டு 'கியூஇசட்' என்று விழுந்து கணக்கிலேயே வராது. முன்னொட்டு பாட்டின் ஊரைச் சொல்வதில்லை.

வேண்டியது ஒரு பங்குத் தாள். வரிக்கும் மெட்டுக்கும் யார் யாருக்கு எத்தனை வீதம் (கூட்டினால் 100), பாடியவர், வாசித்தவர்கள், ஒலிப்பதிவுக்குக் காசு போட்டவர், பதிந்த இடம், திகதி, எல்லாருடைய கையொப்பம். ஸ்டூடியோவை விட்டு வெளிக்கிட முன்னரே நிரப்ப வேண்டும். பாட்டு ஓடிய பிறகு கேட்டால் கூட்டுத்தொகை 140 வரும்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு செய்யாமலே பதிப்புரிமை உண்டு. வணிக ஒலிப்பதிவை ஒலிபரப்பினால் தயாரிப்பாளருக்கும் பாடியவருக்கும் நியாயமான கொடுப்பனவும் சேர வேண்டும். தாள் இல்லாத இடத்தில் அந்தக் காசு யாரைத் தேடிப் போகும்? மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைப் பிள்ளைகளுக்கும் கல்லடி விபுலாநந்த நிறுவகத்துப் பிள்ளைகளுக்கும் இதை நிரப்பப் பழக்க ஒரு வாரம் போதும். புதுக் கட்டடம் தேவையில்லை.

நிலையம் தரும் நாளாந்தப் பட்டியலை மட்டும் நம்பவும் கூடாது. மாதத்தில் மூன்று நாட்களை முன்னறிவிப்பின்றித் தெரிந்தெடுத்து, ஒலிபரப்பின் பதிவைக் கேட்டு, பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும்.