கொழும்புக்குப் போன கேமராவும் ஓர் எண் பிழையும்

பொருளாதார நெருக்கடியால் 2022இல் இலங்கையில் வெடித்த மக்கள் போராட்டத்தைப் படமெடுக்கப் போய்வந்தவன் என்று தெரிந்தால், எல்லோரும் என்னிடம் போராட்டக்காரர்கள் முகாமிட்டிருந்த கொழும்புக் காலிமுகத்திடலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கோ, திரும்பி வந்த இரவில் சுங்க மேசைக்கு முன்னால் நின்ற மூன்றரை மணி நேரம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. எந்த விமான நிலையம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் வெளிநாட்டுக்குக் கேமராவோடு போக நினைக்கும் நம் பக்கத்துப் புகைப்படக்காரர்கள், குறிப்பாக எந்தப் பத்திரிகையிலும் வேலையில் இல்லாமல் தனியாகத் தொழில் செய்பவர்கள், நான் பட்டதைத் தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது.

நான் பாளையங்கோட்டையில் கல்யாணப் படங்கள் எடுத்துப் பிழைப்பவன். இடையிடையே பத்திரிகைகளுக்கும் படம் அனுப்புவேன். 2022 மே 9 அன்று காலிமுகத்திடலில் கூடியிருந்தவர்களை ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் தாக்கி, மாலைக்குள் மகிந்த ராஜபக்ச பிரதமர் பதவியை விட்டு விலகிய செய்தியைப் பார்த்தபோதே போய்விட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். கடலுக்கு அந்தப் பக்கம்தானே, ஒரு மாதத்தில் போய்விடலாம் என்று நினைத்தது என் முதல் தப்புக் கணக்கு.

சுற்றுலா விசாவில் போய்விடு, கேமராவைப் பார்த்தால் கடற்கரையைப் படமெடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என நண்பர்கள் மூன்று பேர் யோசனை சொன்னார்கள். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். போராட்டத்தைப் பற்றிச் சமூக வலைதளத்தில் பதிவிட்டு வந்த ஒரு பிரித்தானியப் பெண்ணின் விசாவை அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்து, நாட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். அவர் பத்திரிகைக்காரர்கூட இல்லை.

பத்திரிகையாளர் விசாவுக்குப் பணிக்கு அனுப்பும் இதழின் கடிதம் வேண்டும். என் படங்களை வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருந்த வார இதழ், அந்தக் கடிதத்தைத் தருவதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. தினம் ஒரு முறை தொலைபேசியில் அழைத்தேன். தினமும் ஆசிரியர் கூட்டத்தில் இருந்தார். ஒருவழியாகக் கடிதம் வந்தவுடன் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனால், என் பெயரும் பயண நாட்களும் மட்டுமே அதில் இருக்கின்றன, கொண்டுபோகும் கருவிகளின் பட்டியல் இல்லை என்று விசா கவுண்டரிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்தவர் மீது குற்றமில்லை; என்னென்ன வேண்டும் என்று முன்பே எழுதித்தான் வைத்திருந்தார்கள், வரிக்கு வரி படித்துச் சரிபார்க்காதது நான்தான். அறுநூற்றைம்பது கிலோமீட்டர் போய், ஒரு காபி குடித்துவிட்டு, அன்று மாலையே அதே வண்டியில் திரும்பினேன். புதிய கடிதத்துக்கு இன்னும் பத்து நாள். கடிதத்தின் வாசகத்தை நாமே எழுதி அனுப்பி, கையெழுத்தை மட்டும் கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

விசா வருவதற்குள் ஜூலை 9 வந்துவிட்டது. அன்று வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். ஜனாதிபதி மாளிகையின் நீச்சல் குளத்தில் சனங்கள் குதித்து நீந்துகிற காட்சி என் கைப்பேசிக்கு வந்தபோது, மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் பாயசத்தோடு தம்மை ஒரு படம் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எடுத்துக் கொடுத்தேன். உலகம் முழுவதும் முதல் பக்கத்தில் வந்த படங்களை மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். நான் விட்டது ஒரு கடிதத்தில் விடுபட்ட நாலு வரியால்.

விசா 15ஆம் தேதி கைக்கு வந்தது, 18ஆம் தேதி கிளம்பினேன். நம் நாட்டிலிருந்து விலையுயர்ந்த கருவிகளைக் கொண்டுபோகிறவர்கள், புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் அவற்றைக் காட்டி எக்ஸ்போர்ட் சர்ட்டிபிகேட் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது, வெளிநாட்டில் வாங்கிய பொருள் என்று சொல்லித் தீர்வை கேட்க முடியும். இது எனக்கு முன்பே தெரியும் என்பதால்தான் மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். அதிகாரி இருக்கையில் இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தவர், கேமராவைக் கவிழ்த்து அடிப்பாகத்து எண்ணைப் பார்த்து மளமளவென்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு குடியகல்வு வரிசைக்கு ஓடினேன். அங்கே நின்று ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

கொழும்பில் காகித வேலை எதுவும் தடங்கலின்றி நடந்தது. அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் தற்காலிகப் பத்திரிகையாளர் அட்டை ஒரே காலைப்பொழுதில் கிடைத்துவிட்டது. 20ஆம் தேதி நாடாளுமன்றத்தில் 134 வாக்கு பெற்று ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியானார். 22ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் காலிமுகத்திடல் முகாமை இராணுவம் வளைத்தது. அன்று பிற்பகலில் இடத்தைக் காலி செய்வதாகப் போராட்டக்காரர்கள் சொல்லியிருந்தும் பொறுக்கவில்லை. பெட்ரோல் இல்லாததால் த்ரீவீலர் கிடைக்காமல் வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியாக நடந்தே போனேன். தடுப்பரணுக்கு அப்பால் ஒருவரையும் விடவில்லை. கையிலிருந்த அட்டையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே பி.பி.சி. செய்தியாளர் ஒருவரை அடித்தார்கள் என்று பிறகு தெரியவந்தது. விடிந்தபின், பிய்த்தெறியப்பட்ட கூடாரங்களைத் தூரத்திலிருந்து எடுத்ததுதான் என் தொகுப்பில் உருப்படியான படம்.

26ஆம் தேதி இரவு திரும்பினேன். சுங்கத்தில் சான்றிதழை நீட்டியதும், மேசையிலிருந்தவர் கேமராவைக் கவிழ்த்துப் பார்த்து, "எண் ஒத்துவரவில்லையே" என்றார். அடிப்பாகத்தின் எழுத்துகள் தேய்ந்திருந்ததால், போகும்போது எழுதியவர் 8 என்பதை 3 என்று எழுதியிருக்கிறார். இது வேறு கேமரா, அங்கே வாங்கியது என்பது அவர் வாதம். இரண்டு லட்சம் என்று மதிப்பிட்டு, அப்போதைய விதிப்படி 50,000 ரூபாய் சலுகையைக் கழித்து, மீதிக்கு 38.5 சதவீதம், ஆக 57,750 ரூபாய் கட்டச் சொன்னார். பால்மாவுக்கே வழியில்லாத ஊரில் போய் யார் ஐயா கேமரா வாங்குவார்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அடுத்த ஒரு மணி நேரம் என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பில் கேட்டார்கள். என்னுடையது கேனான் 5டி மார்க் 4. நாகர்கோவிலில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் 2018இல் பழையதாக வாங்கியது. பில்லா, நமக்குள்ளே எதுக்குத் தம்பி என்று சொல்லிக் கொடுத்திருந்தார். இரவு பதினொரு மணிக்கு அவரை எழுப்பினேன், அவரிடமும் இல்லை.

அப்போதுதான், படக்கோப்புக்குள்ளேயே கேமராவின் எண் பதிந்திருக்கும் என்பது உறைத்தது. 2019 ஆனித் தேரோட்டத்தில், நெல்லையப்பர் தேர் ரத வீதியில் திரும்பும்போது எடுத்த படம் ஒன்று கைப்பேசியில் இருந்தது. ஆவலோடு திறந்தால் விவரம் எல்லாம் வெற்று. வாட்ஸ்அப்பில் போய்வந்த படம் அது. வாட்ஸ்அப் அந்தத் தகவல்களை உரித்துவிட்டுத்தான் அனுப்பும். நல்லவேளை, கேமராவிலிருந்து வந்தபடியே கை வைக்காத கோப்பையும் எப்போதும் சேமித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ரா கோப்பிலிருந்து, அதாவது கேமரா பதிவு செய்யும் பதப்படுத்தாத மூலக் கோப்பிலிருந்து, பதப்படுத்திய படங்களை வெளிப் புகைப்படக்காரர்கள் அனுப்ப வேண்டாம், கேமராவே எடுத்த ஜேபெக் படத்தை அனுப்புங்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2015இல் அறிவித்ததைப் படித்ததிலிருந்து வந்த பழக்கம். அவர்களுக்கு இதுவரை ஒரு படமும் விற்றதில்லை என்றாலும், அந்த அறிவிப்பு எனக்கு 57,750 ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

மடிக்கணினியைத் திறந்து, அசல் கோப்பைத் தேடி எடுத்து, தேதியையும் எண்ணையும் காட்டினேன். மேசைக்காரர் அசையவில்லை. உள்ளேயிருந்து வந்த மூத்த அதிகாரி மட்டும் கேமராவை வாங்கி, விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்து, திரையில் இருந்த எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்தார். எட்டு வந்ததும் நிறுத்தி, சான்றிதழைப் பார்த்து, "இது நம்ம ஆள் எழுதுனதுதான்" என்றார். பிறகு படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லி, தேர் எந்த ரத வீதியில் நிற்கிறது என்று கேட்டார். தெற்கு ரத வீதி என்றேன். தலையசைத்துவிட்டுத் திருத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

விடியற்காலையில் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினேன். அந்த வாரமே நாகர்கோவிலுக்குப் போய், வாங்கிய தேதியும் எண்ணும் விலையும் குறித்து அண்ணாச்சியின் லெட்டர்பேடில் ஒரு ரசீது எழுதி வாங்கிவந்தேன். கேமராவின் அடிப்பாகத்தையும் ஒவ்வொரு லென்ஸின் எண்ணையும் கிட்டப் பிடித்து எடுத்த படங்களும், 2019 தேர்ப் படத்தின் அசல் கோப்பும் இப்போது கேமராப் பையில் ஒரு பென் டிரைவில் கிடக்கின்றன. முத்திரை குத்திய காகிதத்தை வாங்கியதும், வரிசையில் பின்னால் நிற்பவர்கள் என்ன முணுமுணுத்தாலும், மேசையை விட்டு நகராமல் எண்ணைச் சத்தமாகப் படித்துப் பார்க்கிறேன்.