மரச்சீனிக்கு எத்தனை ஈ?

எட்டு சிடி, நாகர்கோவில் வடசேரிக்கு ஒரு வெட்டிப் பயணம், ரெண்டு ராத்திரித் தூக்கம். காசு கொடுத்து வாங்கிய 142 பழைய பாட்டுகளில் 139 புது லேப்டாப்புக்கு வந்துவிட்டது. சூடு ஆறும் முன்னே எழுதிவிடுகிறேன்.

2005 முதல் நாலு வருஷம் இங்கிலாந்தில் நர்ஸாக இருந்தேன். நைட் டியூட்டி முடிந்து வந்து ஆப்பிளின் பாட்டுக் கடையான ஐடியூன்ஸில் ஒவ்வொன்றாக வாங்கிய பாட்டுகள், ஒன்று 79 பென்ஸ். பாதிக்கு மேல் சர்ச் கொயர்கள் பாடியவை. "எல்லாம் ஆப்புல ஓசியிலே கிடக்கும்மா" என்றான் மகன். தேடிக் கொடு என்றேன். பாட்டு கிடைத்தது, நான் கேட்ட கொயர் பாடியது கிடைக்கவில்லை.

பழைய லேப்டாப் இழுக்க ஆரம்பித்ததும் நாகர்கோவிலில் ஒரு கடையில் புதுசு வாங்கினேன். "பழசில கிடக்கத எல்லாம் இதுல ஏத்தித் தாறேன் எக்கா" என்றான் கடைப் பையன். ஏற்றினான். கேட்காமலே பழையதை ஃபார்மேட்டும் அடித்துவிட்டான். காரியம் கெட்டது அங்கேதான்.

மார்த்தாண்டம் வந்து திறந்தால் ஒரு பாட்டும் பாடவில்லை. இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. மறுநாள் திரும்பவும் பஸ். தக்கலையில் முக்கால் மணி நேரம் பிளாக். பையன் ரெண்டு கிளிக் பண்ணிப் பார்த்துவிட்டு, "ஃபைலு கரப்ட் ஆயிட்டாக்கும் எக்கா, டெலிட் பண்ணிருவமா?" என்றான். மௌஸைப் பிடுங்காத குறை.

கரப்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஃபைல் பெயரின் வாலைப் பாருங்கள். எம்4ஏ (.m4a) என்றிருந்தால் கவலை இல்லை. எம்4பி (.m4p) என்றிருந்தால் அது பூட்டுப் போட்டது. 2009-க்கு முன்பு ஐடியூன்ஸில் வாங்கியது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பென்டிரைவில் ஃபைல் வரும், சாவி வராது. சாவி இருப்பது வாங்கிய அக்கவுண்டில். ஒரு அக்கவுண்டுக்கு 5 கம்ப்யூட்டர் வரைதான் அனுமதி. பழையதை அழிக்கும் முன் அதிலேயே ஐடியூன்ஸைத் திறந்து அனுமதியை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் செத்துப்போன கம்ப்யூட்டரும் கணக்கில் உயிரோடு இருக்கும், ரேஷன் கார்டில் பெயர் நீக்காத பாட்டி மாதிரி.

சரி, அக்கவுண்டுக்குள் போகலாம் என்றால் பாஸ்வேர்டு நினைவில்லை. பதிந்திருந்த மெயில் அங்கத்திய பிராட்பேண்டோடு போய்விட்டது. மிச்சம் ரகசியக் கேள்வி மட்டும்: நீங்கள் முதன்முதலில் சமைக்கக் கற்றுக்கொண்டது எது? மரச்சீனி, அதுதான் மரவள்ளிக்கிழங்கு, வேறென்ன. ஆனால் மரச்சீனியை இங்கிலீஷில் எப்படி எழுதினேன்? வெறும் சி-யா, சிஹெச்சா? ரெண்டு ஈ-யா, ஒரு ஐ-யா? மாற்றி மாற்றி அடித்ததில் அக்கவுண்டே பூட்டிக்கொண்டது.

மறுநாள் அம்மாவிடம் புலம்பினேன். "மரச்சீனியா? நீ மொதல்ல வச்சது கஞ்சியில்லாட்டி? அதயும் அடி பிடிக்க விட்ட." பூட்டு விட்டதும் கே, ஏ, என், ஜே, ஐ. திறந்தது! கேள்வி பதிலைத் தாளில் எழுதி இப்போது ஆதார் கவருக்குள் வைத்திருக்கிறேன்.

எதிர்பார்த்தது போல அஞ்சும் நிறைந்திருந்தது. அக்கவுண்ட் பக்கத்தில் எல்லா அனுமதியையும் ஒரேயடியாக நீக்க ஒரு பொத்தான் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவைதான், யோசித்து அமுக்குங்கள். பிறகு புது லேப்டாப்புக்கு அனுமதி கொடுத்தேன், பாடியது. ஊருக்கு வந்துவிட்டோமே என்று அக்கவுண்டின் நாட்டை மட்டும் மாற்றிவிடாதீர்கள். பழையதைத் திரும்ப இறக்க வேண்டி வந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொரு தடவை இந்தக் கூத்து வேண்டாம் என்று சிடியில் அடித்துத் திரும்ப ஏற்றினேன். அதற்கு அனுமதி உண்டு, ஒரே பட்டியலை 7 தடவை வரை அடிக்கலாம். ஆடியோ சிடி என்று தேர்ந்தெடுக்க வேண்டும், எம்பி3 சிடி என்றால் பூட்டிய பாட்டு ஏறாது. ஒரு டிஸ்க் 80 நிமிஷம். திரும்ப ஏற்றும்போது, தரம் குறையாமல் சேர்க்கிற ஆப்பிள் லாஸ்லெஸ் முறையை வையுங்கள். பாட்டே ஏற்கெனவே சுருக்கிய 128 கேபிபிஎஸ்தான், இன்னொரு தடவை சுருக்கினால் கொயர் கிணற்றுக்குள் பாடும். புது லேப்டாப்பில் சிடி டிரைவ் கிடையாது, வெறும் சிடிக்கோ மார்த்தாண்டத்தில் மூன்று கடை ஏறி இறங்கினேன். "சிடியா? அது இப்ப யாருக்க கையில இருக்கு?" கடைசியில் கல்யாண டிவிடி அடிக்கிற ஸ்டூடியோக்காரர் ரெண்டையும் கொடுத்து உதவினார்.

பாடாத மூன்றும் என் தோழி அவள் அக்கவுண்டில் வாங்கித் தந்தவை. ஃபைல் விவரத்தில் அவள் பெயர் இருக்கிறது. அவள் அக்கவுண்டைப் போட்டால்தான் திறக்கும். வாட்ஸ்ஆப்பில் கேட்டேன். சிரிக்கிற பொம்மை நாலு அனுப்பிவிட்டு, "2006 பாஸ்வேர்டையா கேக்க?" என்றாள். அவளுக்கு என்ன ரகசியக் கேள்வி வந்திருக்கிறதோ, பார்க்கலாம்.