முட்டு வருத்தமும் நாரி நோவும்: பிப் படிவத்தில் எதை எழுதுவது

ஆஸ்மாவும் (முட்டு) நாரி நோவும் (இடுப்பை ஒட்டிய முதுகு வலி) சேர்ந்திருக்கிற ஒருவர், பிரிட்டனில் நீண்டகால வருத்தமோ உடற்குறைபாடோ உள்ளவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையான பிப்பின் (Personal Independence Payment) படிவத்தைக் கையில் எடுத்ததும் செய்கிற முதல் பிழை, வருத்தங்களைப் பட்டியல் போடுவது. "20 வருஷமா முட்டு, டிஸ்க் விலகியிருக்கு, எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் இருக்கு" என்று பக்கம் பக்கமாகப் போகும். பிப்பில் வருத்தத்தின் பெயருக்கு ஒரு பாயிண்ட் கூடக் கிடையாது. சமைக்க, குளிக்க, உடுக்க, நடக்க உங்களால் முடிகிறதா, முடிந்தால் எப்படி முடிகிறது என்பதற்குத்தான் பாயிண்ட்.

சுருக்கமாகச் சட்டகம் இது. 16 வயதிலிருந்து அரச ஓய்வூதிய வயது வரை உள்ளவர்கள் புதிதாகக் கேட்கலாம். வேலை செய்தாலும் கேட்கலாம். வருமானமும் சேமிப்பும் பார்க்கமாட்டார்கள். அன்றாட வாழ்வு, நடமாட்டம் என்று இரண்டு பகுதி. ஒவ்வொன்றிலும் 8 பாயிண்ட் வந்தால் சாதாரணத் தொகை, 12 வந்தால் கூடின தொகை. 2025-26 நிதியாண்டில் அன்றாட வாழ்வுக்குக் கிழமைக்கு 73.90 அல்லது 110.40 பவுண்ஸ், நடமாட்டத்துக்கு 29.20 அல்லது 77.05. ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு பிப் இல்லை, அங்கே அதற்குப் பதில் அடல்ட் டிசெபிலிட்டி பேமெண்ட். விசாவில் "பொது நிதி எடுக்கக்கூடாது" என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம். பிப்பும் அந்தப் பொது நிதிக்குள் அடங்கும், விசாவுக்கே வில்லங்கமாகிவிடும். அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை.

நாரி நோவுக்காரர் அதிகம் எழுதுவது பாரம் தூக்கமுடியாது, குனியமுடியாது, படி ஏறமுடியாது, ஹூவர் பிடிக்கமுடியாது என்று. எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த நாலுக்கும் படிவத்தில் தனிக் கேள்வி இல்லை. அரிசி மூட்டை தூக்குவதை யாரும் கேட்கவில்லை. நடமாட்டக் கேள்வி மட்டமான தரையில் நடப்பதைப் பற்றியது, படிகளைப் பற்றியதல்ல. சமையல் என்பதற்கும் சட்டத்தில் தனி வரைவிலக்கணம் உண்டு: பச்சை மரக்கறி, இறைச்சி போன்றவற்றை வெட்டி, ஒரு ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு செய்வது, சூடாக்குவது இடுப்பு உயரத்திலோ அதற்கு மேலோ. அதனால் "ஓவனுக்குள் குனிந்து தட்டு எடுக்க ஏலாது" என்று எழுதினால் பூச்சியம். "வெங்காயம் வெட்டி முடிக்கும் வரை நிற்க ஏலாது" என்று எழுதினால் அது கணக்கில் வரும்.

இன்னொன்று, நம் வீடுகளில் சமையல் மனைவியோ அம்மாவோ பார்ப்பதால் பல ஆண்கள் அந்தக் கேள்வியை "நான் சமைப்பதில்லை" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். நீங்கள் சமைக்கிறீர்களா என்பது கேள்வி இல்லை. தனியே விட்டால் சமைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

ஒரு மோசமான பதில்: "முட்டு, முதுகு வலி இருப்பதால் சமைப்பது கஷ்டம்." அதே ஆள் எழுதக்கூடிய உருப்படியான பதில்: "அடுப்படியில் 5 நிமிஷம் நின்றதும் நாரியிலிருந்து இடது காலுக்கு வலி இறங்கும். உயரமான ஸ்டூலில் சாய்ந்துதான் மரக்கறி வெட்டுகிறேன். எண்ணெய்ப் புகை பட்டால் நெஞ்சு இறுகும். நீல பம்ப் (இன்ஹேலர்) இரண்டு இழுப்பு எடுத்து, வெளியே வந்து 20 நிமிஷம் இருக்கவேண்டும். போன மாதம் இரண்டு தரம் அடுப்பை அணைக்காமலே வெளியே வந்துவிட்டேன், மகள் வந்து அணைத்தாள். கிழமையில் 5 நாள் இப்படி." இதில் ஸ்டூலுக்கு 2 பாயிண்ட் கேட்கலாம். பாதுகாப்புக்கு ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டியிருக்கிறது என்று காட்டமுடிந்தால் 4. முட்டு தினமும் வரவேண்டும் என்றில்லை. ஆபத்து எவ்வளவு பெரியது, எத்தனை தரம் வருகிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று 2017இல் மேல் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது.

ஒரு வேலையை "செய்யமுடியும்" என்று கொள்ள நாலு நிபந்தனை இருக்கிறது: பாதுகாப்பாக, ஒழுங்கான தரத்தில், தேவைப்படும்போது திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள். நியாயமான நேரம் என்றால் சுகதேகி ஒருவர் எடுக்கக்கூடிய ஆகக்கூடிய நேரத்தின் இரட்டிப்புக்கு மேல் போகக்கூடாது. ஆஸ்மாக்காரருக்கு மிகவும் உதவுவது "திரும்பத் திரும்ப". ஒருக்கா 80 மீட்டர் நடந்துவிடலாம். பிறகு அரை மணி நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தால் அந்த 80 மீட்டரைக் கணக்கில் எடுக்கக்கூடாது.

இப்போது இரண்டு வருத்தமும் சேர்ந்திருப்பதால் வருகிற லாபம். ஒரு பிரச்சினை பாதிக்கு மேற்பட்ட நாட்களில் இருக்கவேண்டும் என்பது விதி. கடந்த 3 மாதத்தையும் வரப்போகும் 9 மாதத்தையும் சேர்த்து ஒரு வருஷமாகப் பார்ப்பார்கள். "முட்டு கிழமைக்கு இரண்டு நாள்தான் கடுமை" என்று ஒரு இடத்தில், "நாரி இரண்டு நாள் பிடிக்கும்" என்று இன்னொரு இடத்தில் எழுதினால் இரண்டுமே தோற்கும். திங்கள், செவ்வாய் முட்டால் உதவியில்லாமல் குளிக்கமுடியாது. வியாழன், வெள்ளி நாரியால் முடியாது. அப்படியானால் 7இல் 4 நாள். எந்த வருத்தத்தால் என்பது முக்கியமில்லை. காலையில் மட்டும் விறைப்பு என்றாலும் அந்த நாள் எண்ணப்படும், ஏனென்றால் குளிப்பதும் உடுப்பதும் காலையில்தான். ஒரு மாத நாட்குறிப்பு வைத்து, பீக் ஃப்ளோ எண்ணையும் (மூச்சை வேகமாக ஊதி அளப்பது) எழுதிக்கொண்டு வாருங்கள். மே முதல் ஜூலை வரை புல் மகரந்தக் காலம் கடுமை என்றால் அதையும் எழுதவேண்டும்.

நடையை மீட்டரில் சொல்லச் சொல்வார்கள். லண்டன் இரட்டைத்தட்டு பஸ் ஏறக்குறைய 11 மீட்டர். ஐந்து பஸ் வரிசையாக நின்றால் 50 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 50இலிருந்து 200 மீட்டர் வரை என்றால் 4 பாயிண்ட்தான், அதை மட்டும் வைத்துக் காசு வராது. 20 மீட்டரைத் தாண்டி 50க்குள் என்றால் 8, அந்தத் தூரத்துக்கே பொல்லு வேண்டும் என்றால் 10, 20 மீட்டருக்கு மேல் ஏலாது என்றால் 12. "அஞ்சு நிமிஷம் நடப்பேன்" என்று வாய்தவறிச் சொன்னால் அதை 200 மீட்டருக்கு மேல் என்று மாற்றிவிடுவார்கள். நேரத்தில் பேசாதீர்கள், தூரத்தில் பேசுங்கள். எத்தனை தரம் நின்றீர்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

குளிக்க ஷவர் ஸ்டூல் 2, கழிப்பறையில் எழும்பக் கைபிடி 2, காலுறை மாட்டும் கருவி 2, சமையல் ஸ்டூல் 2. கூட்டினால் 8. நாரி நோவுக்காரர் பலருக்கு அன்றாட வாழ்வுப் பகுதி கிடைப்பதே இந்தச் சில்லறை 2களால்தான். ஒரே செயலில் 4 பாயிண்ட் இருக்கவேண்டும் என்று 2025இல் அரசு கொண்டுவரப் பார்த்த மாற்றம் நிறைவேறியிருந்தால் முதலில் விழுந்திருப்பது இவர்கள்தான். எதிர்ப்பு வந்து அந்த ஜூலையில் கைவிட்டார்கள்.

பம்பைத் தானே எடுப்பதற்குப் பாயிண்ட் இல்லை. ஆனால் மருந்துப் பட்டியல் உங்களுக்குச் சாட்சி சொல்லும், எதிராகவும் சொல்லும். ஒரு நீல பம்பில் 200 இழுப்பு. மாதம் ஒன்று முடிகிறதென்றால் நாளுக்கு 6 இழுப்புக்கு மேல். "தினமும் முட்டு" என்று எழுதிவிட்டு வருஷத்துக்கு இரண்டு பம்ப் மட்டும் எடுத்திருந்தால் அங்கேயே நம்பிக்கை போய்விடும். முட்டு கடுமையானால் தரும் ஸ்டீரொய்டான பிரெட்னிசொலோன் குளிசை எடுத்த திகதிகளை எழுதுங்கள். நாரிக்குப் பரசிட்டமோல் மட்டும் எடுப்பவர் அதற்குக் காரணத்தைக் கட்டாயம் எழுதவேண்டும். ஐபுபுரோபன், நப்ராக்சன் சிலருக்கு ஆஸ்மாவைக் கிளப்பும், அதனால் டொக்டர் தரமாட்டார். காரணம் இல்லாவிட்டால் "சாதாரண வலிமாத்திரைதானே, வலி குறைவு" என்று அறிக்கையில் வரும். பிசியோவுக்குப் போகாமல் விட்டு, "வரவில்லை" என்று பெயர் வெட்டப்பட்டிருந்தால் அதற்கும் ஒரு வரி விளக்கம். ஜி.பி. கடிதத்துக்குப் பல இடங்களில் காசு கேட்பார்கள், என்.எச்.எஸ். ஆப்பில் உள்ள பதிவுகளும் ஆஸ்மா நேர்ஸின் வருடாந்தப் பரிசோதனைக் குறிப்பும் சும்மா கிடைக்கும்.

பிப்பை நடத்தும் அரசுத் திணைக்களமான டி.டபிள்யூ.பி.க்குப் போன் பண்ணித் தொடங்கிய நாளிலிருந்துதான் காசு கணக்கு. படிவத்தைத் திருப்பி அனுப்ப ஒரு மாதம். போதாவிட்டால் முடிவதற்கு முன் போன் பண்ணி நாள் கேளுங்கள். மேலதிகத் தாள் ஒவ்வொன்றிலும் பெயரும் நெஷனல் இன்சூரன்ஸ் இலக்கமும் வேண்டும். முழுவதையும் படம் எடுத்துவைத்து, தபாற்கந்தோரில் அனுப்பியதற்கான சீட்டு வாங்குங்கள், அது இலவசம்.

மதிப்பீடு பெரும்பாலும் போனில். தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தருவார்கள். பிள்ளையை வைத்துச் சமாளிக்கவேண்டாம், அப்பாவின் கழிப்பறைக் கஷ்டத்தை மகள் வாயால் முழுசாகச் சொல்லமாட்டாள். நம் ஆட்களிடம் "எப்படி இருக்கிறீங்கள்" என்றால் வாய் தானாக "பரவாயில்லை, சமாளிக்கிறன்" என்று சொல்லும். அறிக்கையில் அது "தானே செய்கிறார்" என்று போகும். முக்கால் மணி நேரம் மூச்சு வாங்காமல் பேசினால் அதையும் குறிப்பார்கள். இடையில் எழும்பினால், பம்ப் எடுத்தால், வாய்விட்டுச் சொல்லுங்கள், போனில் மதிப்பிடுபவருக்குத் தெரியாது. ஒலிப்பதிவு வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்கவேண்டும்.

மறுத்துவிட்டால் முதலில் மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைப் போனில் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதத்துக்குள் டி.டபிள்யூ.பி.யிடம் மறுபரிசீலனை கேளுங்கள், எழுத்தில். "முடிவு பிழை" என்று பொதுவாக எழுதாமல், எந்தச் செயலுக்கு எத்தனை பாயிண்ட் தந்திருக்கவேண்டும், ஏன் என்று ஒவ்வொன்றாக எழுதவேண்டும். அதிலும் சரிவராவிட்டால் அந்தப் பதில் கடிதத் திகதியிலிருந்து இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயம். கட்டணம் இல்லை, நீதிபதி, டொக்டர், உடற்குறைபாடு பற்றிய அனுபவமுள்ள ஒருவர் என்று மூன்று பேர் இருப்பார்கள். ஏற்கெனவே தந்த பாயிண்டைக் குறைக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு, அதனால் ஓரளவு கிடைத்திருந்தால் இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸில் ஒருக்கா காட்டிவிட்டுப் போங்கள். தீர்ப்பாயம் பார்ப்பது முதல் முடிவு எடுத்த நாளில் உங்கள் நிலைமை என்ன என்பதை. அதற்குப் பிறகு முட்டு கூடி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால், அது அந்த வழக்குக்குள் வராது. புதிதாகப் போன் பண்ணித் தொடங்கவேண்டிய விஷயம்.