அலங்காரிக்கு ஒரு பாட்டு

பிப்ரவரி 7, சனி

மதுரை தல்லாகுளத்தில் முதல் காட்சி முடிந்தது. முக்கால் அரங்கு நிறைந்திருந்தது. நல்லதங்காள் கதைதான், ஆனால் 2 மணி நேரம். இரவு 10 மணிக்கு மேல் தொடங்கி விடியவிடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் பின்பாட்டுக்காரனாக இருந்து பழகிய எனக்கு, ஒன்பதரைக்கே ஆர்மோனியத்தை மூடுவது கூச்சமாக இருக்கிறது. அங்கே பபூன் வந்து கூட்டத்தை உட்காரவைக்கிற நேரத்துக்குள், இங்கே ஏழு பிள்ளைகளும் கிணற்றுக்குள் போய்விடுகிறார்கள்.

கதை தெரியாதவர்களுக்கு: மானாமதுரையில் பஞ்சம். நல்லதங்காள் ஏழு பிள்ளைகளோடு அர்ச்சுனாபுரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். அப்புறம் வேண்டாவெறுப்பாக ஓட்டைப் பானையும், எரிக்கப் பச்சை வாழைமட்டையும் கொடுக்கிறாள். முடிவு கிணறு: பிள்ளைகளைத் தள்ளிவிட்டுத் தானும் குதிக்கிறாள். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்கு இன்றைக்கும் கோயில் இருக்கிறது. அலங்காரிக்குக் கிடைத்தது வசவு மட்டும்தான்.

இயக்குநர் தம்பி அந்த அலங்காரிக்கு ஒரு பாட்டு வைத்திருக்கிறான். சாத்திய கதவுக்கு உள்பக்கம் நின்று, தன் வீட்டுத் தானியக் குதிரும் காலியாகிக்கொண்டு வருவதை அவள் பாடுகிறாள். சிந்துபைரவி ராகம். நன்றாகத்தான் பாடினாள் அலங்காரி வேடம் போடும் தங்கச்சி. கடைசியில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். பாட்டு நடந்தபோது என்ன நினைத்தார்களோ தெரியாது. முன்வரிசைக்கு அப்பால் ஒரே இருட்டு. கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பாட்டை நீட்டிக் குறுக்கியே கை பழகிவிட்டது. இருட்டைப் பார்த்து என்ன வாசிப்பது?

பிப்ரவரி 8, ஞாயிறு

இரண்டாவது காட்சிக்கு என்னோடு பல ஊர் சுற்றிய பழைய ராஜபார்ட் நடிகர் ஒருவர் வந்திருந்தார். "பாட்டெல்லாம் சுத்தமா இருக்கு மாப்ளே. ஆனா ஒரு ஒன்ஸ்மோர்கூட விழலையே?" என்றார்.

எப்படி விழும்? வயலின், பறை, கீபோர்டு எல்லாம் முன்பே பதிவுசெய்த ட்ராக். லேப்டாப் ஓடுகிற ஓட்டத்துக்கு நாங்கள் ஓட வேண்டும். பாடி நடித்துப் பேர் வாங்கிய நாடக நடிகர் கிட்டப்பா 1933-இல், 27 வயதிலேயே போய்விட்டார். அவரைப் பற்றி மூத்தவர்கள் சொல்லிக் கேட்ட கதைகளில் பாதி ஒன்ஸ்மோர் கதைகள்தான்.

பிப்ரவரி 11, புதன்

விமர்சனங்கள் வந்துவிட்டன. ஒரு நாளிதழில் எட்டே வரி, அதில் பெரும்பகுதி லைட்டிங்கைப் பற்றி. இசை 'பக்கபலம்'. எந்த நாடகம் போட்டாலும் இசை பக்கபலம்தான். நடுப்பலமாக ஒரு நாளும் இருந்ததில்லை.

இன்னொருவர் பக்கக்கணக்கில் எழுதியிருக்கிறார். அலங்காரி பாட்டு பிரெக்டின் தொலைப்படுத்தல் உத்தியாம். தம்பி அதைச் சத்தமாகத் திரும்பத் திரும்பப் படித்தான். பிரெக்ட் ஜெர்மன்காரர், பார்க்கிறவன் கதையில் முழுகிப்போகாமல் நடுவில் பாட்டைப் போட்டு உசுப்பி யோசிக்க வைப்பார் என்று விளக்கினான். நல்ல உத்திதான். எங்கள் பபூன்கள் ராத்திரி பூராவும் செய்வது அதைத்தான். அவர்களைப் பற்றி யாரும் பக்கக்கணக்கில் எழுதக் காணோம்.

மூன்றாமவருக்குக் கோபம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நல்லதங்காளைக் கெடுத்துவிட்டோமாம். சுவாமிகள் மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் அவர் காலத்து நடிகர்களே அவர் எழுதியதை எழுதியபடி பேசவில்லையே. பெரியவர்கள் கட்டுக்குள் நிற்கவில்லை என்றுதான் 1918-இல் இதே மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார் என்பார்கள். மேடையில் ஏறியவன் வாய் சும்மா இருக்காது. திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் விசுவநாததாஸ் புராண நாடகத்துக்கு நடுவே சுதந்திரப் பாட்டைப் பாடிப் பலமுறை ஜெயிலுக்குப் போனவர். கெடுத்துவிட்டார் என்று அவரை யார் சொன்னார்கள், போலீசைத் தவிர?

பிப்ரவரி 16, திங்கள்

நேற்று மகாசிவராத்திரி. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு குலதெய்வக் கோயில். முதலில் எங்கள் நாடகம், அதற்குப் பிறகு விடிய விடிய வேறு செட்டின் வள்ளி திருமணம். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் கயிறு. ஜெனரேட்டர் கரண்ட் ஏறி இறங்கியதில் லேப்டாப் பெட்டி வேலை செய்யவில்லை. தம்பிக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். ஆர்மோனியம், மிருதங்கம், பல தாளக்கருவிகள் சேர்ந்த ஆல்ரவுண்ட், அவ்வளவுதான்.

அலங்காரி கதவைச் சாத்தியதுமே, "ஏண்டி பாதகத்தி, கதவத் தெறடி!" என்று பெண்கள் பக்கமிருந்து குரல். இது எப்போதும் வருவதுதான். அப்புறம் பாட்டு தொடங்கியது. குதிரில் தட்டிப் பார்க்கும் இடத்தில் கூட்டம் அமைதியானது. ஒத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். சரணம் முடிவதற்குள் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி எழுந்தாள்.

"இம்புட்டுப் பேசுறியே, அந்தக் கடைக்குட்டிக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்துனா உன் குதிரு கொறஞ்சா போகும்?"

தங்கச்சி ஸ்பெஷல் நாடகத்தில் வளர்ந்தவள். பாட்டை அப்படியே விட்டுவிட்டு மேடை விளிம்புக்கு வந்தாள். "ஊத்துறேன் ஆத்தா. நாளைக்கு எம்பிள்ளைக்கு நீ ஊத்துவியா?"

நான் சுருதியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். ஓரத்தில் தம்பி கையைக் கையை ஆட்டினான், பாட்டுக்குப் போங்கள் என்று. யார் போவது?

கிழவி யோசித்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து இன்னொருத்தி, "நான் ஊத்துறேன்டி, நீ மொதல்ல கதவத் தெற!" என்று கத்தினாள். ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. தங்கச்சி கதவில் கையை வைத்து, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். திறக்கக் கதையில் இடம் இல்லை. அந்த நேரம் பார்த்து வெளியே நல்லதங்காள் சோக ராகமான முகாரியை எடுத்தாள். தல்லாகுளத்தில் ஒருவர்கூட அழாத அதே பாட்டுக்கு இங்கே தேம்பல் கேட்டது.

நல்லதங்காள் சேலையில் 100 ரூபாய் நோட்டு குத்தினார்கள். அலங்காரிக்கும் ஒரு நோட்டு வந்தது. மைக்கில் அறிவித்தார்கள்: "அலங்காரி திருந்தணும்னு அம்பது ரூபா அன்பளிப்பு."

விடிந்ததும் டீக்கடையில் அந்தக் கிழவி தங்கச்சிக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். "எனக்கு இன்னும் கோவந்தான். குடி." அலங்காரி பாட்டுக்கு வந்த விமர்சனங்களில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஊர்ப் பெரியவர்களின் விமர்சனம் வேறு. எங்கள் நாடகம் கிணற்றோடு முடிகிறது. சிவபெருமான் வந்து எல்லோரையும் எழுப்புகிற காட்சியைத் தம்பி எடுத்துவிட்டான். "சிவராத்திரி அதுவுமா சிவனே வராம முடிச்சிட்டீங்களே தம்பி" என்றார் ஒரு பெரியவர். பேசிய பணத்தில் குறைக்கவில்லை. ஆனால் வெற்றிலையோடு நீட்டும்போது முகம் சரியில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

கூடிப் பேசினோம். அலங்காரி பாட்டில் ட்ராக் வேண்டாம், கூட்டம் பேசினால் பேச இடம் விடுவது என்று தம்பியே சொன்னான். யாரும் பேசாத அரங்கில் அந்த இடத்தை என்ன செய்வது என்று தங்கச்சி கேட்டாள். அதற்கு அவனிடம் பதில் இல்லை. என்னிடமும்தான்.

மேலூர்ப் பக்கமிருந்து பங்குனிக்கு டேட் கேட்கிறார்கள். சிவன் வந்தால்தான் அட்வான்ஸ்.

"கிணத்தோட முடிஞ்சாத்தாண்ணே வலிக்கும். விமர்சனத்துல எல்லாரும் அந்த முடிவைத்தான் பாராட்டியிருக்காங்க" என்றான் தம்பி.

"அவங்க ஒன்பதரைக்கு வண்டியெடுத்து வீட்டுக்குப் போறவங்க. இவங்க பிள்ளைகளை மடியில போட்டுக்கிட்டு ராத்திரி அங்கேயே கிடக்கணும்ல" என்றேன். ஏழு பிள்ளைகளைச் சாகடித்துவிட்டு மங்களம் பாடாமல் எழுந்திருக்க எனக்கும் மனம் ஒப்பவில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் பழைய ஆள் என்பான்.

திங்கள்கிழமை ஒத்திகை. மங்களம் பாடும் ராகமான மத்தியமாவதியில் சின்னதாக ஒரு மெட்டு போட்டு வைத்திருக்கிறேன். தங்கச்சிக்கு மட்டும் பாடிக் காட்டியிருக்கிறேன்.