முன் பிரேக்கை நம்பாத மாப்பிள்ளை

மோட்டோஜிபி என்ற உலக பைக் பந்தயத் தொடரை வைத்து வந்த மோட்டோஜிபி 23 வீடியோ கேமை வாங்கியதற்கு எனக்கு இருந்த ஒரே காரணம், அதில் நம்ம புத்தா சர்க்யூட் இருக்கிறது என்பதுதான். டெல்லி மயூர் விஹாரில் வீடு. கிரேட்டர் நொய்டா பக்கம் போகும்போதெல்லாம் அந்த ரேஸ் தடத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டிருக்கிறேன். 2011 முதல் 2013 வரை அங்கே ஃபார்முலா ஒன் கார் பந்தயம் நடந்தது, மூன்று வருடமும் ஜெர்மன்காரர் வெட்டல்தான் ஜெயித்தார். அப்புறம் பல வருடம் பேச்சு மூச்சே இல்லை. 2023 செப்டம்பரில்தான் மோட்டோஜிபி பைக்குகள் வந்தன.

விளையாட்டு அதற்கு முன்பே, ஜூனிலேயே வந்துவிட்டது. ரைடர்கள் அந்தத் தார்மேல் சக்கரம் வைப்பதற்கு முன்னாலேயே மிலானில் இருக்கும் மைல்ஸ்டோன் கம்பெனி அதை டிவிக்குள் கொண்டுவந்துவிட்டது. கஜகஸ்தானின் சோகோல் தடமும் இதில் உண்டு. அங்கே நடக்கவேண்டிய பந்தயம் அந்த வருடம் ரத்தாகிவிட்டது. 2024-இல் நம்ம ஊர் பந்தயமும் நடக்கவில்லை. ஆக, இப்போதைக்கு புத்தாவில் மோட்டோஜிபி பைக் ஓட்ட ஆசைப்பட்டால் பிளேஸ்டேஷன்தான் கதி. டெல்லி பாலிகா பஜாரில் பழைய டிஸ்க் கிடைத்தது. பேரம் பேசித்தான் வாங்கினேன், அங்கே பேசாமல் வாங்கினால் கடைக்காரருக்கே சப்பென்று ஆகிவிடும்.

மதுரையிலிருந்து என் மனைவியின் தம்பி ஒரு பரீட்சைக்காக வந்து எங்களோடு தங்கியிருந்தான். அப்பாச்சி பைக் ஓட்டுகிறவன். "கொடுங்க மாமா, நான் பார்க்கிறேன்" என்று கன்ட்ரோலரை வாங்கினான். மூன்றாவது திருப்பத்துக்கும் நான்காவதுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர்ப்பாதை. வண்டி மணிக்கு முந்நூறைத் தாண்டிப் பறக்கிறது. நான்காவது திருப்பம் வந்ததும் பையன் பின் பிரேக் பட்டனை அமுக்கினான். வண்டி நிற்கவே இல்லை, பின்சக்கரம் ஆடியதுதான் மிச்சம். அப்படியே நேராக மண்ணுக்குள் போனது.

"முன் பிரேக் எங்கடா?"

"அதப் பிடிச்சா குப்புற விழுவோம்ல மாமா!"

இதுதான் நம்ம ஊர் வளர்ப்பு. வண்டி கற்றுக்கொடுத்த அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் எல்லோரும் சொல்லிவைத்த ஒரே மந்திரம், முன் பிரேக்கைத் தொடாதே. மணலும் சாணியும் கிடக்கிற தெருவில், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அது சரியாக இருக்கலாம். ஆனால் நேராகப் போகும் வண்டி பிரேக் பிடித்ததும் பாரமெல்லாம் முன்னால்தான் சாய்கிறது. முன் டயர் தரையோடு அழுந்துகிறது, பின் டயர் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தில் எவ்வளவு பிரேக் பிடித்தாலும் அது லாக் ஆகி வழுக்குமே தவிர வண்டியை நிறுத்தாது.

விளையாட்டில் எல்2 பட்டன்தான் முன் பிரேக். அதையும் ஒரேயடியாக அமுக்கக் கூடாது. முதலில் மெதுவாகத் தொட்டு, பாரம் முன்னால் வந்ததும் அழுத்தி, வண்டியைச் சாய்க்கச் சாய்க்க விரலைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். ஆட்டமே அந்த விரலில்தான் இருக்கிறது. சாய்வும் பிரேக்கும் ஒன்றாக அதிகமானால் முன்சக்கரம் சட்டென்று வழுக்கிவிடும். 2023-இல் புத்தாவில் நடந்த நிஜப் பந்தயத்தில், அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்த பன்யாயாவே விழுந்துதான் வெளியேறினார். உலக சாம்பியனுக்கே அந்தக் கதி என்று சொன்ன பிறகுதான் பையன் முகம் தெளிந்தது.

முதல் திருப்பம் இன்னொரு தலைவலி. இருபத்துச் சொச்சம் பைக்கும் ஒரே இடத்தில் முண்டியடிக்கும். நிஜத்திலும் அதே கதைதான்: அதற்கு முந்தைய நாள் சனிக்கிழமை, ஸ்ப்ரின்ட் என்ற குட்டிப் பந்தயத்தில் மரீனி என்ற ரைடர் தன் சொந்த டீம்காரரான பெஸ்ஸெக்கி மேலேயே இடித்து, காறை எலும்பை முறித்துக்கொண்டார். கடைசிக்குப் போன பெஸ்ஸெக்கி ஐந்தாவதாக வந்து முடித்தார். மறுநாள் முக்கியப் பந்தயத்தை 8 வினாடிக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த ஆளை எனக்கு அன்றிலிருந்து பிடித்துப்போனது.

விளையாட்டில் வராத ஒன்று வெயில். செப்டம்பர் கடைசியில் டெல்லிப் பக்கத்துப் புழுக்கம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சூட்டுக்குப் பயந்து அந்த 24 சுற்று முக்கியப் பந்தயத்தை 21 ஆகக் குறைத்தார்கள். அப்படியும் இரண்டாவதாக வந்த மார்ட்டின் உடம்பில் நீர் வற்றிப்போய்த் துவண்டுவிட்டார். நாங்களோ கூலரைப் போட்டுக்கொண்டு, தட்டில் முறுக்கோடு எத்தனை சுற்று வேண்டுமானாலும் ஓட்டுகிறோம்.

இரண்டு பேர் சேர்ந்து ஓட்ட திரையைப் பிரித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. எங்கள் சின்ன டிவியில் அது சரிப்படவில்லை. திருப்பம் கண்ணில் படுவதற்குள் வந்துவிடுகிறது.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டு பிரேக்கையும் அதுவே சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் உதவி ஒன்று அமைப்புகளில் இருக்கும், முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டீர்கள். விழுந்தால் சில வினாடி பின்னோக்கிப் போகிற ரீவைண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மதுரைக்காரன் அதை "ஏமாத்து வேலை" என்றுதான் சொல்கிறான், ஆனால் என்னைவிட அவன்தான் அதை அதிகம் அமுக்குகிறான்.